ஒரு புத்தகத்தைக் காப்பாற்ற 300 ஜாடி எண்ணெய்!

ஒரு புத்தகத்தை ஜனங்கள் கண்ணில் படாமல் மறைத்துவிடலாமா?

ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முன்பு எருசலேம் நகரத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் எதிரிகள் அல்ல. யூத மதத்தின் பெரிய பண்டிதர்களே கேட்டார்கள்.

அவர்கள் மறைக்க நினைத்தது ஏதோ ஒரு கதைப் புத்தகமும் அல்ல. எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசியின் புத்தகம்!

அந்தப் புத்தகம் மோசேயின் சட்டத்தோடு மோதுகிறது. அதுதான் குற்றச்சாட்டு.

யூதர்கள் தங்கள் வேதச் சுருள்களை எரிக்க மாட்டார்கள். குப்பையில் போட மாட்டார்கள். கிழிந்துபோன சுருளை ஓர் அறையில் சேர்த்து வைப்பார்கள். அல்லது மண்ணில் புதைப்பார்கள். புத்தகத்தை மறைப்பது என்று பண்டிதர்கள் பேசியதும் இந்த மாதிரிதான். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஆனால், மறைத்த பிறகு அதை யாரும் வாசிக்க மாட்டார்கள். பிரதி எடுக்கவும் மாட்டார்கள்.

அது அச்சு யந்திரம் இல்லாத காலம். பிரதி எடுக்காத புத்தகம் சில தலைமுறைகளில் செத்துப் போகும்.

சிறைப்பட்டுப் போனவர்

எசேக்கியேல் எருசலேம் ஆலயத்துக் குருமார் குடும்பத்தில் பிறந்தவர். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். யூத ராஜாவையும் ஆயிரக்கணக்கான ஜனங்களையும் சிறைப்படுத்திக் கொண்டு போனான். அந்தக் கூட்டத்தில் எசேக்கியேலும் போனார். கேபார் என்ற ஆற்றங்கரையில், அந்நிய மண்ணில், அவர் தீர்க்கதரிசி ஆனார்.

கி.மு. 586-ல் எருசலேம் ஆலயமே இடிக்கப்பட்டது. ஊரும் போயிற்று, கோவிலும் போயிற்று. இனி நமக்கு என்ன இருக்கிறது என்று ஜனங்கள் மனம் ஒடிந்து கிடந்தார்கள்.

அவர்களுக்குத்தான் எசேக்கியேல் ஒரு காட்சியைச் சொன்னார். ஒரு பள்ளத்தாக்கு. அது நிறைய உலர்ந்த எலும்புகள். அவர் பார்த்துக் கொண்டிருக்கும்போதே எலும்போடு எலும்பு சேருகிறது. நரம்பு ஓடுகிறது, சதை வளருகிறது, தோல் மூடுகிறது. கடைசியில் மூச்சு வருகிறது. ஒரு பெரிய சேனையே எழுந்து நிற்கிறது!

செத்துப் போன ஜனம் மறுபடி பிழைக்கும் என்பது அதன் பொருள். யூதர்கள் தங்கள் கஷ்ட காலங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வாசித்த பகுதி இது. புத்தகம் மறைந்தால் இதுவும் சேர்ந்து மறையும்.

எங்கே மோதுகிறது?

யூதர்களுக்கு வேதத்தில் முதல் இடம் மோசேயின் ஐந்து புத்தகங்களுக்குத்தான். அவற்றுக்குத் 'தோரா' என்று பெயர். பின்னால் வந்த எந்தத் தீர்க்கதரிசியும் தோராவில் புதிய சட்டம் சேர்க்க முடியாது. இருக்கும் சட்டத்தை எடுக்கவும் முடியாது. இதில் பண்டிதர்கள் மிகவும் கண்டிப்பு.

ஆனால் எசேக்கியேல் என்ன சொல்கிறார்?

அவருடைய புத்தகத்தின் கடைசி ஒன்பது அதிகாரங்களில், வரப் போகும் புதிய ஆலயத்தை அவர் காட்சியாகக் காண்கிறார். வாசல் எத்தனை முழம், சுவர் எத்தனை முழம், எந்த நாளில் என்ன பலி என்று எல்லாம் கணக்காக வருகிறது. அந்தக் கணக்கில்தான் வந்தது வம்பு!

யூதர்களுக்குப் பிறை கண்டதும் மாதம் பிறக்கும். மாதப் பிறப்பு அன்று ஆலயத்தில் தகன பலி உண்டு. அதற்கு இரண்டு காளை, ஒரு ஆட்டுக் கடா, ஏழு ஆட்டுக்குட்டி என்பது மோசேயின் கணக்கு. எசேக்கியேல் சொல்வதோ ஒரு காளை, ஒரு கடா, ஆறு ஆட்டுக்குட்டி.

ஒரு காளை எங்கே போயிற்று? ஒரு குட்டி எங்கே போயிற்று?

இன்னொரு இடம். தானாகச் செத்த பிராணியையும், மிருகம் பீறிப் போட்ட பிராணியையும் குருமார்கள் தின்னக் கூடாது என்கிறார் எசேக்கியேல். குருமார்கள் தின்னக் கூடாது என்றால், மற்றவர்கள் தின்னலாமா? தோராவில் அது யூதர்கள் எல்லோருக்குமே தடை ஆயிற்றே!

ஆட்டுக்குட்டிக் கணக்கு இன்றைக்கு நமக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மூன்றாவது ஒரு மோதல் உண்டு. அது எந்தக் குடும்பத்துக்கும் சுடும்.

தகப்பன் செய்த பாவம் பிள்ளையைச் சேருமா?

மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை வரைக்கும் கடவுள் தகப்பன்மாரின் அக்கிரமத்தை விசாரிப்பார் என்று பத்துக் கட்டளைகளிலேயே வருகிறது. பாபிலோனில் இருந்த ஜனங்கள் இதைத்தான் சொல்லிச் சொல்லி நொந்து கொண்டிருந்தார்கள். அப்பன் புளித்த திராட்சையைத் தின்றதற்குப் பிள்ளைக்குப் பல் கூசுகிறதாம். அப்படி ஒரு பழமொழியே அவர்களிடம் இருந்தது. எசேக்கியேல் அந்தப் பழமொழியை இனி வாயில் எடுக்க வேண்டாம் என்றார். மூன்று தலைமுறையை உதாரணம் காட்டினார். தாத்தா யோக்கியர். அவருடைய மகன் கொள்ளைக்காரன். பேரனோ தகப்பனின் நடத்தையைப் பார்த்துப் பயந்து நல்ல வழியில் போகிறான். தாத்தாவின் புண்ணியம் மகனைக் காப்பாற்றாது. தகப்பனின் பாவம் பேரன் தலையில் விழாது. அவனவன் செய்ததற்கு அவனவன் பொறுப்பு!

இது ஆறுதலான பேச்சுத்தான். ஆனால் கட்டளையோடு எப்படிப் பொருந்தும்?

மாடிக்கு ஏறினார் அனனியா

இந்தச் சமயத்தில்தான் அனனியா என்பவர் முன்னால் வந்தார். எசேக்கியா என்பவரின் மகன். எருசலேமின் இரண்டாம் ஆலயம் கி.பி. 70-ல் ரோமர்களால் அழிக்கப்பட்டது. அதற்கு முந்தின தலைமுறைகளைச் சேர்ந்தவர் இவர்.

'நோன்புச் சுருள்' என்ற ஒரு பழைய ஏட்டை இவரும் இவருடைய கூட்டாளிகளும் எழுதியதாகச் சொல்வார்கள். பெயர்தான் நோன்புச் சுருள். உள்ளே இருப்பது, நோன்பு இருக்கக் கூடாத சந்தோஷமான நாட்களின் பட்டியல்! முரண்பாட்டோடு இவருக்கு முதலிலேயே பழக்கம் உண்டு போலும்.

அனனியா சபையில் நின்று சண்டை போடவில்லை. தம் வீட்டு மாடி அறைக்கு ஏறினார். அவருக்காக 300 ஜாடி எண்ணெய் மேலே கொண்டு போனார்கள். இரவில் படிக்க எண்ணெய் விளக்குதானே உண்டு! அவர் அங்கேயே உட்கார்ந்தார். எசேக்கியேலையும் தோராவையும் வைத்துக் கொண்டு, மோதுகிற ஒவ்வோர் இடத்துக்கும் விளக்கம் கண்டுபிடித்தார். பிறகுதான் இறங்கினார்.

புத்தகம் பிழைத்தது.

இந்தச் செய்தியைச் சொல்வது தல்மூத் என்ற யூதர்களின் பெரிய நூல். கி.பி. 500-ஐ ஒட்டி பாபிலோனியாவில் தொகுக்கப்பட்டது. தல்மூத்தில் 'முந்நூறு' என்றால் பல இடங்களில் 'ஏராளம்' என்றுதான் பொருள். ஆகவே ஜாடிகளை எண்ணிப் பார்க்க வேண்டியது இல்லை. எண்ணெய் தீரத் தீர ஒரு மனிதர் விடாமல் உட்கார்ந்தார் என்பதே சங்கதி. இந்த மனிதரை நன்மையாக நினைவுகூர வேண்டும் என்று, பெயரைக் குறிப்பிட்டே தல்மூத் பண்டிதர்கள் நன்றி சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மாடியில் அனனியா கண்டுபிடித்த விளக்கங்களில் ஒன்றுகூட அவர் பெயரில் தல்மூத்தில் இல்லை. எண்ணெய்க் கணக்கு இருக்கிறது, விடை இல்லை!

தீப்பிடித்த சிறுவன்

அந்தப் புத்தகத்துக்கு வந்த ஆபத்து அது ஒன்றே அல்ல.

எசேக்கியேலின் முதல் அதிகாரத்தில் கடவுளின் ரதம் பற்றிய ஒரு காட்சி வருகிறது. அதில் தீயின் நடுவே மின்னுகிற ஒரு பொருளுக்கு 'ஹஷ்மல்' என்று பெயர். ஒரு சிறுவன் வாத்தியார் வீட்டில் இதைப் படித்துக் கொண்டிருந்தானாம். அந்த ஹஷ்மல் இன்னது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. உடனே அதிலிருந்து தீ புறப்பட்டு அவனை எரித்துவிட்டதாம்!

பெரியவர்கள் நடுங்கிப் போனார்கள். புத்தகத்தை மறைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார்கள். அப்போதும் அனனியாதான் தடுத்தார். அந்தப் பையன் மேதை. ஊரில் எல்லோருமா அப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாராம். மற்றவர்களுக்குப் புரியப் போவதும் இல்லை, தீ வரப் போவதும் இல்லை!

இன்றைய எபிரேய மொழியில் மின்சாரத்துக்கு அதே 'ஹஷ்மல்' என்ற சொல்தான் வழங்குகிறது. சுவிட்சைத் தட்டும் சிறு பிள்ளைகூட எசேக்கியேலின் சொல்லைச் சொல்கிறது.

பிற்காலத்துப் பண்டிதர்களின் விடை

அனனியாவின் விடை கிடைக்காவிட்டாலும், அவருக்குப் பின்னால் வந்தவர்களின் விடைகள் தல்மூத்தில் இருக்கின்றன.

ஆட்டுக்குட்டி விஷயத்தை எடுத்துக் கொள்வோம். ஏழு குட்டி என்பது மோசேயின் சட்டம். அது மாறவில்லை. ஆனால் பஞ்ச காலத்தில் ஏழு கிடைக்காமல் போனால்? ஆறு கொண்டு வா என்பதற்குத்தான் எசேக்கியேல் ஆறு என்றார். இரண்டு காளை கிடைக்காவிட்டால் ஒரு காளை போதும். ஆறு குட்டியும் கிடைக்காவிட்டால்? ஐந்து. அதுவும் இல்லாவிட்டால் நாலு. ஒன்று கிடைத்தாலும் சரி. இதற்கு ஆதாரம் எசேக்கியேலிடமே அடுத்த வசனத்தில் இருக்கிறது: குட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது, கைக்கு எட்டின அளவு என்கிறார் அவர்.

ஆக, மோசே சொன்னது முழுக் கணக்கு. எசேக்கியேல் சொன்னது இல்லாதவன் கணக்கு. சட்டத்தைக் குறைத்துவிட்டார் என்று பழி சுமந்த அதே வசனம், ஏழைக்கு வாசல் திறந்து வைத்த வசனம் ஆகிவிட்டது!

குருமார் சாப்பாட்டு விஷயத்துக்கு ரவீனா என்ற பண்டிதர் விடை சொன்னார். ஆலயத்தில் பாவ நிவாரணத்துக்காகக் கொடுக்கும் பறவையைக் குரு கத்தியால் அறுப்பதில்லை. நகத்தால் கழுத்தைக் கிள்ளுவார். அந்த இறைச்சியை அவரே சாப்பிடுவார். சாதாரண வீட்டில் அப்படிக் கொன்ற பறவை செத்த பிராணிக்குச் சமம். யாரும் தொடக் கூடாது. இந்தச் சலுகையைப் பார்த்து, செத்த பிராணி எல்லாமே நமக்கு ஆகும் என்று குருமார்கள் எண்ணிவிடக் கூடாது. அதற்காகவே அவர்களைத் தனியாக எச்சரித்தார் எசேக்கியேல். மற்றவர்களுக்குத்தான் ஏற்கெனவே தடை இருக்கிறதே!

நல்ல வக்கீல் வாதம்தான். ஆனால் இதே கேள்விக்கு ரபி யோகனான் என்ற பெரியவர் வேறு விதமாகப் பதில் சொன்னார். இந்தப் பகுதியை எலியா தீர்க்கதரிசி ஒரு நாள் வந்து விளக்குவார் என்று விட்டுவிட்டார். தமக்கு விடை தெரியாததால் புத்தகத்தில்தான் தப்பு என்று அவர் முடிவு கட்டவில்லை.

தல்மூத் இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

பிள்ளை என்ன பாவம் செய்தது?

தகப்பன் பாவம் பற்றிய கேள்விக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டு.

முதலில், தோராவிலேயே இன்னொரு சட்டம் இருக்கிறது. பிள்ளைக்காகத் தகப்பனையோ, தகப்பனுக்காகப் பிள்ளையையோ கொல்லக் கூடாது என்பது அது. அது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருந்துவிடவில்லை. அமத்சியா என்ற யூத ராஜாவின் தகப்பனை ஊழியக்காரர்களே கொன்றுவிட்டார்கள். அமத்சியா பட்டத்தில் நிலைத்ததும் அவர்களைக் கொன்றான். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளைத் தொடவில்லை. மோசேயின் சட்டத்தை மதித்தே விட்டான் என்று ராஜாக்களின் வரலாறு சொல்கிறது. பகையாளியை வம்சத்தோடு ஒழிப்பது ராஜாக்களின் வழக்கமாக இருந்த காலம் அது!

அப்படியானால் நான்கு தலைமுறை என்ற பேச்சு எதற்கு? தகப்பன் செய்த கெட்ட காரியத்தைப் பிள்ளையும் கையில் பிடித்துக் கொண்டிருந்தால்தான் அது பொருந்தும் என்றார்கள் பண்டிதர்கள். தகப்பன் அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கினான் என்று வைத்துக் கொள்வோம். தெரிந்தும் மகன் அதைத் திருப்பிக் கொடுக்காமல் உழுது தின்றால், கணக்கு அவனிடமும் வரும். திருப்பிக் கொடுத்துவிட்டால், எசேக்கியேல் சொன்ன நல்ல பேரன் அவன்தான்.

இதைவிடத் துணிச்சலான ஒரு பதிலும் உண்டு. ரபி யோசே என்பவர் சொன்னது. மோசே கடுமையாகச் சொன்னதை எசேக்கியேல் வந்து நீக்கிவிட்டார் என்றே அவர் சொல்லிவிட்டார்! ஒரு தீர்க்கதரிசி தோராவை மாற்ற முடியாது என்று வாதாடிய பண்டிதர்களின் வழியில் வந்தவர்தான் இவரும். தல்மூத் இதையும் தள்ளவில்லை.

முட்டாளும் கோழியும்

மோதல் எசேக்கியேலோடு நிற்கவில்லை. சாலமோன் ராஜாவின் நீதிமொழிகளில் அடுத்தடுத்த இரண்டு வசனங்கள் இருக்கின்றன. முட்டாளுக்கு அவனுடைய வழியில் பதில் பேசாதே என்கிறது முதல் வசனம். பேசு என்கிறது அடுத்த வசனம்! இதனால் அந்தப் புத்தகத்தையும் மறைக்கலாமா என்று ஒரு யோசனை நடந்தது. உலக விவகாரத்தில் வம்புக்கு வருகிறவனுக்குப் பதில் வேண்டாம், வேத விஷயத்தில் கேட்டால் பதில் சொல் என்று பிரித்துக் காட்டி அதைக் காப்பாற்றினார்கள்.

அதற்கு ஓர் உதாரணமும் சொல்வார்கள். வரப் போகும் நல்ல காலத்தில் பெண்கள் தினமும் பிள்ளை பெறுவார்கள் என்று ரபான் கமாலியேல் பாடம் சொல்லிக் கொண்டிருந்தாராம். உலகத்தில் புதிது என்று ஒன்றுமே கிடையாதே என்று ஒரு மாணவன் கேலி செய்தான். கமாலியேல் கோபப்படவில்லை. அவனை வெளியே அழைத்துப் போய், தினமும் முட்டையிடும் ஒரு கோழியைக் காட்டினார்!

ஒரே வாயில் இரண்டு சொல்

இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு நாளடைவில் விதிகளும் ஏற்பட்டன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரபி இஸ்மவேல் பெயரால் 13 விதிகள் உண்டு. இரண்டு வசனங்கள் மோதினால், மூன்றாவது ஒன்று வந்து தீர்க்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பது கடைசி விதி.

உதாரணமாக, மோசேயால் கூடாரத்துக்குள் போக முடியவில்லை என்று ஓரிடம் சொல்கிறது. போனார், கடவுளின் குரலைக் கேட்டார் என்கிறது வேறோர் இடம். கூடாரத்தின் மேல் மேகம் தங்கியிருந்தது என்ற சொல் இரண்டையும் தீர்க்கிறது. மேகம் இருந்தபோது போக முடியவில்லை, விலகியதும் போனார். பக்தியுள்ள யூதர்கள் காலை ஜெபத்தோடு சேர்த்து இந்தப் 13 விதிகளையும் தினமும் சொல்கிறார்கள்.

இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை ஒப்புக் கொள்ள மாட்டார்கள். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியதால்தான் முரண்பாடு வந்தது என்பது அவர்கள் கட்சி. பழைய பண்டிதர்கள் முரண்பாட்டைப் பார்க்காமல் இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு முன்பே அவர்கள்தான் அதைத் தேடித் தேடி எடுத்தார்கள்.

ஓய்வு நாளை நினைவில் வை என்று பத்துக் கட்டளைகள் ஓரிடத்தில் சொல்கின்றன. அதே கட்டளைகள் இரண்டாம் தடவை வரும்போது, நினைவில் வை என்பது காத்து நட என்று மாறிவிடுகிறது. கடவுள் சொன்னது எந்தச் சொல்லை? இரண்டையும் ஒரே சமயத்தில் சொன்னார். மனிதன் வாயால் அப்படிச் சொல்ல முடியாது, மனிதன் காதால் கேட்கவும் முடியாது என்பது பண்டிதர்களின் விடை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் யூத வீடுகளில் பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். குறைந்தது இரண்டு விளக்கு ஏற்றுவது வழக்கம். ஒன்று அந்தச் சொல்லுக்கு, ஒன்று இந்தச் சொல்லுக்கு.

மண்ணுக்குள் கிடைத்தது

சாக்கடலை ஒட்டி மசாதா என்று ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. எருசலேம் அழிந்த பிறகு, ரோமர்களுக்குப் பணியாத யூதர்கள் அங்கே குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கினார்கள். கி.பி. 73-ஐ ஒட்டி ரோமப் படை அந்தக் கோட்டையையும் பிடித்துவிட்டது.

1963 முதல் 1965 வரை யிகேல் யாதின் என்ற தொல்பொருள் நிபுணர் அங்கே தோண்டிப் பார்த்தார். அந்த மக்கள் கூடி ஜெபித்த இடம் அகப்பட்டது. அதன் பின்பக்கத்துச் சிறு அறையின் தரைக்கு அடியில் குழிகள் இருந்தன. குழிகளுக்குள் தோல் சுருள்களின் துண்டுகள் இருந்தன.

ஒன்று தோராவின் கடைசிப் புத்தகம். மோசேயின் மரணத்தைச் சொல்லும் பகுதி அதில் தெரிந்தது.

மற்றொன்று எசேக்கியேல். பள்ளத்தாக்கில் உலர்ந்த எலும்புகள் எழுந்து நிற்கும் அதிகாரம்!